‘ஐயா’வுக்கும் முதல் வரிக்கும் நடுவே

“ரெண்டு விரற்கடைதான் இருக்கு, போதகரே. நீங்களே வச்சுப் பாருங்க.”

“என் விரலுக்கு மூணு வருதே.”

“உங்க விரல் ஒல்லி. மரியாதையை ஒல்லி விரலால அளந்தா அப்படித்தான் கூடுதலாக் காட்டும்.”

“அப்ப உம்மமாதிரி தடி விரல்காரருக்கு ஊர்ல யாருமே மரியாதை குடுக்கிறதில்லையா?”

“அது வேற பேச்சு. இது ரெண்டுதான்.”

காப்பிக் கெண்டியோடு நான் நடையில் நின்றேன். முன்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே என் அண்ணன் வோல்டரும் நோட்டரி லூபர்ட்டும் ஜன்னல் ஓரமாக ஒரு கடிதத்தை விரித்துப் போட்டு, மாறி மாறி அதன்மேல் விரலை அடுக்கி அளந்துகொண்டிருந்தார்கள். கடற்கரை ஊரான ஹார்லிங்கனிலிருந்து டாக்டர் பொக்கெமா எழுதிய கடிதம். அன்று காலைப் படகில் வந்தது. அரக்கை உடைத்து எவ்வளவோ நேரமாகிவிட்டது. இரண்டு பேரும் அதில் ஒரு வரிகூட இன்னும் படித்திருக்கவில்லை.

நான் உள்ளே போய்க் காப்பியை வைத்தேன். டாக்டர் சௌக்கியமா என்று கேட்டேன். அது தெரியவில்லை, ஆனால் என்னைத் தன் தையல்காரனாக்கிவிட்டான் என்பது மட்டும் தெரிகிறது என்றார் அண்ணன்.

இந்த வாரப் பத்திரிகையைப் படிக்கிற எல்லாருமே கடிதம் எழுதுகிறவர்கள்தான். இதை விளக்கத் தேவையில்லை. இருந்தாலும் உங்கள் ஊர்க் கணக்கு வேறாக இருக்கலாம், அதனால் சொல்லிவிடுகிறேன். ‘மிகு மதிப்புக்குரிய ஐயா’ என்று மேலே எழுதிவிட்டு, விஷயத்தைத் தொடங்கும் முன் வெறுமையாக விடுகிறோமே, அந்த இடத்தைப் பற்றித்தான் பேச்சு. எங்கள் ஸுட்ஃபனில் மேயருக்கு எழுதினால் ஒரு கை அகலம் விடுவோம். படித்த சிநேகிதருக்கு நாலு விரற்கடை. தையல்காரர், மீன்காரர், கூரை ஓடு மாற்றுகிறவர் என்றால் இரண்டு. டாக்டர் பொக்கெமா பதினாறு வருஷமாக என் அண்ணனுக்கு நாலு விட்டார். அண்ணனும் அவருக்கு நாலு விட்டார். இப்போது திடீரென்று இரண்டு.

நோட்டரி லூபர்ட் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு கையேடு வைத்திருப்பார். யாருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று சொல்லும் கையேடு. எங்கள் தெருவில் நடக்கிற பாதிச் சண்டை அதிலிருந்துதான் கிளம்புகிறது. அவர் கெட்ட மனுஷர் இல்லை. மனைவி போனபின் வீட்டில் பேச ஆள் இல்லாமல் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து புகைக்குழாயோடு உட்கார்ந்துவிடுவார். விஷயம் ஒன்றும் இல்லாத நாளில் கையேட்டைத் திறப்பார்.

என் அண்ணன் இங்கே தேவாலயத்தில் போதகர். ஞாயிற்றுக்கிழமை அவர் பேசுவது பாவத்தைப் பற்றி, மற்ற ஆறு நாளும் விலாங்கு மீனைப் பற்றி. விலாங்கு எங்கே முட்டையிடுகிறது என்று இதுவரை யாரும் கண்டதில்லையாம். அண்ணன் இதுவரை அறுத்துப் பார்த்த விலாங்குகளை வரிசையாகப் படுக்க வைத்தால் ஐசல் ஆற்றைத் தாண்டிப் போகும். ஒன்றிலும் முட்டை இல்லை. அத்தனையையும் நாங்கள் தின்று தீர்த்தோம். வினிகரில் போட்டு, புகை போட்டு, சாறு வைத்து. எங்கள் வேலைக்காரி ஃபென்னா இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தபோது வைத்த ஒரே நிபந்தனை, வெள்ளிக்கிழமை மட்டும் தனக்கு வேறு ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதுதான்.

டாக்டர் பொக்கெமாவும் ஹார்லிங்கனில் அதையே அறுத்துப் பார்க்கிறார். அவருக்கும் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஆனால் பதினாறு வருஷமாக, கிடைக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இந்தக் கோடையில் டாக்டர் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது.

இனி என் விஷயம். அண்ணன் டாக்டருக்கு எழுதுவது எப்போதும் ஒரே தாள். ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் மடித்து விலாசம். இரண்டாவது தாள் வைத்தால் வாங்குகிறவர்தானே இரட்டைத் தபால் கூலி கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் அடியில் நாலு வரிக்கு இடம் மிஞ்சும். அது என்னுடையது. ஒருதரம் அண்ணனுக்கு வயிற்றுவலி வந்தபோது, அவர் என்ன தின்றார் என்பதை அவர் உண்மையாக எழுத மாட்டார் என்று தெரிந்து, நான் அடியில் எழுதினேன். டாக்டர் தன் பதிலின் அடியில் எனக்கு மருந்து எழுதினார். நான் நன்றி எழுதினேன். அவர், பேரிக்காயை நீங்கள் எப்படிப் பாகில் போடுகிறீர்கள் என்று கேட்டார். அப்புறம் அவருடைய கோழிகள். அப்புறம் இறந்துபோன அவர் மனைவி அந்தக் கோழிகளுக்கு வைத்த பெயர்கள். அப்புறம் நான் தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தும் ஏன் தூங்குகிறேன் என்பது. வருஷங்கள் இப்படியே போயின.

அண்ணன் கடிதத்தை நோட்டரிக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். அடிக்கு வந்ததும் நிறுத்தி, “மிச்சம் அடுக்களைக்கு” என்று சொல்லி என்னிடம் நீட்டிவிடுவார். அதனால் அந்த நாலு வரியை என்னைத் தவிர யாரும் படித்ததில்லை.

கல்யாணமாகாத ஒரு பெண், மனைவி இல்லாத ஒரு ஆளுக்குத் தன் பெயரில் தனியாகக் கடிதம் எழுத முடியாது. எங்கள் ஊரில் தபாலை வாங்கிப் படகில் சேர்க்கிறவரின் மனைவி எல்லா விலாசத்தையும் படிப்பாள், படித்ததை மனசோடு வைத்துக்கொள்ள மாட்டாள். ஆகவே எனக்கு உலகத்தில் இருந்தது அந்த நாலு வரிதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆசிரியரே, இதை அச்சிடும்போது என் பெயரையும் போடுங்கள், ஊரில் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

அன்றைக்கு இரண்டு விரற்கடைச் சண்டை ஓய்ந்தபின், அந்தக் கடிதம் அடுக்களைக்கு வந்தது. அடியில் நாலு வரி இல்லை. பதினோரு வரி இருந்தது. கடைசி வரி இடம் போதாமல் வலப்பக்க ஓரத்தில் திரும்பி மேலே ஏறிப் போயிருந்தது. ஒரு கோழி பூனையைத் துரத்தியதைப் பற்றி விவரமாக எழுதியிருந்தார். ஓரத்தில் ஏறின வரியில், ஹார்லிங்கனில் கடல் காற்று முரட்டுத்தனமானது, ஆனால் பழகிவிடும், உங்களுக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்ளுமா என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா என்று கேட்டிருந்தார்.

நான் அதை நாலைந்துதரம் படித்தேன். அப்புறம்தான் தாளை நிமிர்த்தி மேலே பார்த்தேன். அண்ணனுடைய இரண்டு விரற்கடை எங்கே போயிற்று என்று புரிந்தது. டாக்டருக்கு அடியில் இடம் போதவில்லை. தாள் நீளாது. மேலே இருந்து எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இதை அண்ணனிடம் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று முன்னறைக்குப் போனேன்.

“அண்ணா, அவர் உங்களை அவமானப்படுத்தல. அவருக்கு எடம் பத்தல.”

“எதுக்குப் பத்தல?”

“அடியில எழுதறதுக்கு.”

“அடியில என்ன எழுதியிருக்கான்?”

“கோழி.”

அண்ணன் புகைக்குழாயைக் கீழே வைத்தார். “பதினாறு வருஷ மரியாதையை வெட்டிக் கோழிக்குப் போட்டுட்டான்னு சொல்ற. இது எனக்கு ஆறுதலா?”

ஆறுதல் இல்லைதான். கடல் காற்றைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் நோட்டரி பக்கத்தில் உட்கார்ந்து கையேட்டின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெண்ணுக்கு அந்த நேரத்தில் வாய் வராது.

பதிலுக்கு நாமும் இரண்டு விரற்கடை விடலாமா என்று அண்ணன் கேட்டார். நோட்டரி கூடாது என்றார். அது சண்டைக்குப் போகிறவன் செய்கிற வேலையாம். படித்தவன் மரியாதையைக் கூட்டித்தான் அடிப்பானாம். நாலு விடவேண்டிய சிநேகிதனுக்கு மேயருக்கு விடுகிறமாதிரி ஒரு முழுக் கை அகலம் விட்டால், இனி நீ எனக்கு அந்நியன் என்று அர்த்தமாம். அண்ணனுக்கு அது பிடித்துவிட்டது. ‘மிகு மதிப்புக்குரிய ஐயா’ என்று எழுதி, கட்டை விரலையும் சேர்த்துக் கையை அகல வைத்து, அதற்குக் கீழேதான் விலாங்கைத் தொடங்கினார். எழுதி முடித்தபோது கையெழுத்து தாளின் அடிவிளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. என் நாலு வரிக்கு இடமில்லை.

எனக்குக் கொஞ்சம் இடம் விடக்கூடாதா என்று கேட்டேன். வேண்டுமென்றால் தனித் தாளில் எழுதி உள்ளே வை என்றார் அண்ணன். நோட்டரி இருமினார். அவர் இருமினால், கல்யாணமாகாத பெண்ணுக்குத் தனித் தாளா என்று அர்த்தம். நான் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

டாக்டரின் பதில் வந்தது. அவரும் ஒரு கை அகலம் விட்டிருந்தார். ‘பேரறிவு வாய்ந்த, மிகுந்த வணக்கத்துக்குரிய ஐயா’ என்று விளித்திருந்தார். கடிதம் வறட்டுச் சுருக்கமாக இருந்தது. அடியில் கோழி இல்லை, காற்று இல்லை. ஓரத்தில் குறுக்காக, தங்கள் சகோதரிக்கு என் வணக்கம் என்று எறும்பு எழுத்தில் இருந்தது.

பார்த்தாயா, இவனுக்கு மனசு மாறிவிட்டது என்றார் அண்ணன். நீங்கள்தானே முதலில் அகலக் கை வைத்தீர்கள் என்றேன். நான் மரியாதையைத்தானே கூட்டினேன், மரியாதையைக் கூட்டினால் ஒருவனுக்குக் கோபம் வருமா என்றார். அவர் உண்மையாகவே அப்படிக் கேட்டார் என்பதுதான் கஷ்டம்.

அடுத்த கடிதத்தில் அண்ணன் ஒரு சாண் விட்டார். விலாங்குக்கு ஐந்து வரிதான் மிஞ்சியது. டாக்டர் பதிலுக்கு ஒரு சாண் விட்டார். அவருக்கு மிஞ்சின ஐந்து வரியில் மூன்று வரி பட்டங்களுக்கே போய்விட்டது. அண்ணன் இரவுச் சாப்பாட்டில் மோர்க்கஞ்சியைத் தொடாமல் எழுந்து போனார். ஆற்றிலிருந்து ஒரு கூடை விலாங்கு வந்து கிடந்தது, அவர் கத்தியையே எடுக்கவில்லை. ஃபென்னா என்னிடம் மெதுவாக வந்து, ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா, இல்லை நமக்கு நல்ல காலம் வந்துவிட்டதா என்று கேட்டாள்.

எனக்கு அண்ணன்மேல் பாவமாக இருந்தது. என்மேல் அதைவிடப் பாவமாக இருந்தது. கடல் காற்றுக்கு நான் பதில் சொல்லவே இல்லை. கேட்ட மனுஷர் என்ன நினைத்திருப்பார்? கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்திருப்பார். அதனால்தான் கோழியைக்கூட நிறுத்திவிட்டார் என்று நான் நினைத்தேன்.

ஜூன்மாதத் தொடக்கத்தில் ஒருநாள் காலை, அண்ணன் ஒரு புதுத் தாளை எடுத்தார். நோட்டரி பக்கத்தில் நின்றார். மேலே ‘மிகு மதிப்புக்குரிய ஐயா’ என்று எழுதினார். பிறகு தாளின் அடிக்குப் போய், விளிம்பை ஒட்டி இரண்டே வரி எழுதினார். இந்தக் கோடையில் வீட்டில் மராமத்து நடப்பதால் தங்களை வரவேற்க இயலாத நிலை. தங்கள் பணிவான ஊழியன். கையெழுத்து வலது மூலையில், தாளைவிட்டே விழுந்துவிடும்போல் இருந்தது. கையெழுத்து எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு பணிவாம்.

நோட்டரியே கொஞ்சம் தயங்கினார். “இவ்வளவு மரியாதையை யாருக்கும் குடுத்து நான் பாத்ததில்ல, போதகரே. இதை வாங்கினா மனுஷன் செத்துருவான்.”

“மடிச்சு அரக்கு வை, அலெய்டா” என்று தாளை என்னிடம் கொடுத்துவிட்டு அண்ணன் தேவாலயத்துக்குப் போனார். மடித்து அரக்கு வைப்பது எப்போதும் என் வேலை. அவர் கையில் அரக்கு அவர் சட்டைக் கையில்தான் ஒட்டும்.

அடுக்களை மேசையில் தாளைப் போட்டு உட்கார்ந்தேன். வீட்டில் மராமத்து எதுவும் இல்லை. மாட்டுக்கொட்டில் கதவில் ஒரு கீல் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் டாக்டர் வரமாட்டார், இனி எழுதவும் மாட்டார். எனக்கு முன்னால் ஒரு தாள் இருந்தது. மேலே ‘மிகு மதிப்புக்குரிய ஐயா’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. நான் அவரை எப்படி விளிப்பது என்று தவிக்க வேண்டிய வேலைகூட இல்லை. அதற்குக் கீழே முழுப் பக்கமும் வெறுமையாக இருந்தது. இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் அவ்வளவு இடம் விட்டதில்லை.

அந்த இடத்தில் எழுதக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஒருவருக்கு விட்ட மரியாதைக்குள் புகுந்து உட்காருவது மாதிரி அது. இறகை மையில் தோய்த்தேன்.

வீட்டில் கீல் ஒன்றுதான் தளர்ந்திருக்கிறது என்று எழுதினேன். உங்கள் இரண்டு விரற்கடையால் என் அண்ணன் சாப்பிடாமல் இருக்கிறார் என்று எழுதினேன். அது எனக்காகப் போன இடம் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது என்று எழுதினேன். பூனை அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். கடைசியில், கடல் காற்றைப் பற்றி யோசித்ததுண்டு, பலதரம் யோசித்ததுண்டு, ஒத்துக்கொள்ளும் என்றே தோன்றுகிறது என்று எழுதினேன். என் எழுத்து அண்ணனுடைய மராமத்து வரியின் தலையில் வந்து இடித்து நின்றது.

மை காய்வதற்கு மணலைத் தூவினபோது நோட்டரி அடுக்களை வாசலில் நின்றார். புகைக்குழாய்க்கு நெருப்பு கேட்டு வந்திருந்தார்.

“அம்மணி, அந்தத் தாளை மடிக்கிறதுக்கு முன்னாடி இன்னொருதரம் பாத்துக்கிறேனே. அப்படி ஒரு வெறுமையை எழுத்துல நான் பாத்ததே இல்ல.”

நான் தாளை ஈரத்தோடு மடித்தேன். “உங்க கையெல்லாம் சாம்பல், நோட்டரி. வெறுமையில கறை பட்டா அப்புறம் என்ன மரியாதை?”

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. அடுப்பில் குழாயைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார். ஃபென்னா கடிதத்தைப் படகுக்குக் கொண்டுபோனாள்.

பதில் வருவதற்குள் நான் எப்படி இருந்தேன் என்று எழுதி உங்கள் பத்திரிகையின் இடத்தை வீணாக்க மாட்டேன். பேரிக்காய்ப் பாகை இரண்டுதரம் அடிப்பிடிக்க விட்டேன் என்று மட்டும் சொல்கிறேன்.

பதில் வந்த அன்று அண்ணனும் நோட்டரியும் முன்னறையில் இருந்தார்கள். தபால்காரர் வாசலில் நின்று விலாசத்தை உரக்கப் படித்தார். அலெய்டா ஹெஸ்ஸெலிங்க் அம்மணிக்கு என்று. அண்ணன், போதகர் ஹெஸ்ஸெலிங்க் என்று இருக்கும், சரியாகப் படி என்றார். தபால்காரர் மறுபடியும் படித்தார். அதே பெயர்தான்.

நான் அவர்கள் முன்னாலேயே அரக்கை உடைத்தேன். ஓடிப்போய் அடுக்களையில் உடைத்தால் இன்னும் மோசமாக இருக்கும். தாளின் மேல்விளிம்பிலேயே ‘அன்பான அலெய்டா அம்மணி’ என்று தொடங்கி, அதே வரியில் விஷயமும் தொடங்கியிருந்தது. ஒரு மயிரிழைகூட இடம் விடவில்லை. பக்கம் முழுக்க எழுத்து. ஓரங்களில் எழுத்து. மடிப்புக்குள் மறைகிற மூலைகளில்கூட எழுத்து.

நோட்டரி கழுத்தை நீட்டினார். விரலை வைக்க இடம் தேடினார். கிடைக்கவில்லை. கையேட்டை எடுத்தார், ஒரு பக்கத்தைத் திருப்பினார், மூடினார்.

“என்ன போட்டிருக்கு?” என்றார் அண்ணன்.

“இப்படி எடமே விடாம ஒருத்தன் எழுதறது ரெண்டு பேருக்குத்தான், போதகரே. ஒண்ணு, வீட்டு வேலைக்காரிக்கு.”

“இவ அவன் வேலைக்காரி இல்லையே. இன்னொண்ணு?”

நோட்டரி புகைக்குழாயை வாயில் வைத்தார். பிறகு எடுத்தார். “பொண்டாட்டிக்கு. நான் சொல்லல. கையேட்டுல இருக்கு.”

அப்புறம் அண்ணன், நீ எப்போது அவனுக்கு எழுதினாய் என்று கேட்டார்.

“உங்க கடுதாசியிலதான். மேலே இருந்த எடத்துல.”

“என் எடத்துலயா? அது நான் மரியாதைக்கு விட்ட எடம்.”

“அண்ணா, அது காலியாத்தான் இருந்தது.”

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கோபத்தைவிட அவர் முதுகில் வேறு ஏதோ இருந்தது. திரும்பாமலே, என்னைப் பற்றி அதில் ஏதாவது எழுதியிருக்கிறானா என்று கேட்டார்.

எழுதியிருந்தார். நான் அதை மட்டும் உரக்கப் படித்தேன். விலாங்கு முட்டையிடுவதில்லை, குட்டிதான் போடுகிறது என்று டாக்டருக்குக் கொஞ்ச நாளாக ஒரு எண்ணமாம். அதை ஒரு சிநேகிதரிடம் மட்டும் சொன்னாராம். அது எப்படியோ ஸுட்ஃபனுக்கு எட்டிவிட்டது, அதனால்தான் போதகர் என்னைக் கை அகலத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார் என்று இத்தனை நாளும் நினைத்தாராம். பதினாறு வருஷமாகத் தன் கடிதத்தைக் கடைசிவரை படித்த ஒரே ஆளை ஒரு குட்டிக்காக இழந்துவிட்டோமே என்று தூக்கமில்லாமல் இருந்தாராம்.

அண்ணன் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

“குட்டியா? விலாங்கு குட்டி போடுதா? அவனுக்கு என்ன பைத்தியமா?” என்று கத்தியபடியே மைக்கூட்டைத் தேடினார். ஃபென்னாவைக் கூப்பிட்டு, ஆற்றிலிருந்து இன்றைக்கே ஒரு கூடை விலாங்கு வாங்கிவரச் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் மாதக்கணக்கில் பார்க்கவில்லை. வாசலில் ஃபென்னா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

அந்தக் கடிதத்தில் டாக்டர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக எழுதியிருந்தார். அண்ணனுக்கு அதில் ஆட்சேபம் இல்லை. இல்லவே இல்லை. டாக்டர் இங்கே வந்து போகும்போது நேருக்கு நேர் நின்று குட்டி விஷயத்தில் அவரை மடக்கலாம் என்று அவருக்கு ஆசை. ஆனால் பெண்ணைக் கேட்பது முறையாக இருக்க வேண்டும், அவன் எனக்குக் கடிதம் எழுதிக் கேட்கட்டும் என்றார். எத்தனை விரற்கடை விட்டு எழுத வேண்டும் என்று நான் கேட்டேன். அதை நான் சொல்ல மாட்டேன் என்றார்.

“கேட்டு வாங்கினா அது மரியாதையா? அவனுக்கே தெரியணும்.”

நோட்டரி கையேட்டைப் பார்த்தார். பெண்ணின் பொறுப்பாளரிடம் பெண் கேட்கும்போது ஒரு கை அகலம் என்று ஒரு பக்கத்தில் இருந்தது. பழைய சிநேகிதருக்கு நாலு என்று இன்னொரு பக்கத்தில். மைத்துனனாகப் போகிறவருக்கு ஒன்றுமே வேண்டாம் என்று மூன்றாவது பக்கத்தில். மூன்றும் ஒரே ஆளாக இருந்தால் என்ன செய்வது என்று எதிலும் இல்லை. நோட்டரி முதல்தடவையாகத் தன் கையேட்டை மேசையில் எறிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

டாக்டருக்கு அண்ணன் பதில் எழுதினபோது அடியில் பாதிப் பக்கம் எனக்கு விட்டார், அதை நான் நன்றியோடு சொல்ல வேண்டும். நிலைமையை விவரமாக எழுதினேன். டாக்டரின் பதில், அடியில் எனக்கு எழுதினது, இப்படி இருந்தது. கை அகலம் விட்டால் உங்கள் அண்ணன் மறுபடி நான் அந்நியனாகிவிட்டேன் என்பார். நாலு விட்டால் பெண் கேட்கிற பணிவு இல்லை என்பார். ஒன்றும் விடாவிட்டால் கல்யாணத்துக்கு முன்னாலேயே உறவு கொண்டாடுகிறான் என்பார். கடலில் புயலுக்கு நடுவே ஒருவனின் காலை அறுத்திருக்கிறேன், அப்போதுகூட நான் இப்படித் தடுமாறினதில்லை. அந்த ஒரு கடிதத்தை எழுதத் தாளை எடுக்கிறேன், மேலே விரலை வைக்கிறேன், திரும்ப எடுத்துவிடுகிறேன்.

இப்படி ஒரு மாதமாக உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் இங்கே காத்திருக்கிறார். கோடை ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று நோட்டரிதான் சொன்னார், இந்தப் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டால் என்ன என்று. அண்ணன் யோசித்துவிட்டு, வாசகர்களில் பெரும்பாலானவர்கள் எந்தக் கணக்கைச் சொல்கிறார்களோ அதை ஏற்றுக்கொள்கிறேன், அதை நான் கேட்டு வாங்கினதாக ஆகாது என்றார். டாக்டரும் ஹார்லிங்கனில் இந்தப் பத்திரிகையைத்தான் வாங்குகிறார். நீங்கள் சொல்வது அச்சில் வந்ததும் அவர் அந்த அளவு விட்டு எழுதிவிடுவார்.

ஆகவே படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பதினாறு வருஷச் சிநேகிதரிடம் அவர் தங்கையைக் கல்யாணத்துக்குக் கேட்கிற ஒருவர், ‘ஐயா’வுக்கும் முதல் வரிக்கும் நடுவே எவ்வளவு இடம் விடவேண்டும்? உங்கள் வீட்டில் அப்படி யாராவது கேட்டிருந்தால், அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து அளந்து பாருங்கள். காரணங்கள் வேண்டாம், காரணம் எழுதினால் அண்ணன் வாதாடுவார். ஒரு எண் மட்டும் எழுதி, பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்புங்கள். தயவுசெய்து எல்லாரும் ஒரே எண்ணைச் சொல்லப் பாருங்கள். எனக்கு நாற்பத்து நாலு வயதாகிறது, இந்த வாரமே எழுதிவிடுங்கள்.